லைட்டை அணைச்சா ரிப்பேர் ஆயிடுமா?

உங்க வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடின கார் ஒண்ணு நிக்குதா? இருந்தால் இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை பண்ணுங்க. சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி மீட்டரைப் பாருங்க. மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட ஒரு லைட் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அது அணையணும். அணையலைன்னா வண்டி ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். சாவி போட்டப்பவே எரியலைன்னா அதைவிட மோசம். யாரோ பல்பைக் கழட்டியிருக்கலாம், இல்ல வயரை வேற லைட்டோட சேர்த்துக் கட்டியிருக்கலாம். வண்டி பேசக்கூடாதுன்னு வாயை அடைச்சு உங்க தலையில் கட்டியிருக்காங்க.

எங்க மாமா வண்டியில் அந்த லைட் எட்டு மாசம் எரிஞ்சது. அதில் பாதி நாள் அதை அணைச்சு அணைச்சு விட்ட மேதாவி நான்தான். மெக்கானிக்கல் மூணாம் வருஷம் வேற. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுறேன்.

மாமாவுக்கு நிலக்கோட்டை பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மல்லித் தோட்டம். திண்டுக்கல்லில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில், சென்னையில் ஓடின 2013 மாடல் சின்ன காரை வாங்கினார். பின் சீட்டை மடக்கிட்டு, ஈரத்துணி சுத்தின பூ மூட்டையை ஏத்திக்கிட்டு விடியக்காலை நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போவார். முகூர்த்த நாள்னா மதுரை மாட்டுத்தாவணி வரைக்கும். மொட்டு வாய் திறக்கிறதுக்குள்ள எடை போட்டாகணும். வழியில் வண்டி நின்னா அன்னிக்கு விலை போச்சு. அதனால மீட்டரில் ஒரு மஞ்சள் லைட் எரிஞ்சா அவருக்கு அது வெறும் லைட் இல்லை. வீட்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு ஓட்டுவார்.

முதல்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஸ்கேனர் மாட்டினதுக்கு 500 ரூபாய். 'பி 0171' என்று கோடு வந்தது. கலவை லீன், அதாவது பெட்ரோல் கம்மி, காத்து அதிகம் என்று பொருள். "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுண்ணே" என்று சொல்லி 4,200 ரூபாய்க்குப் புதுசு மாட்டிவிட்டார்கள். லைட் அணைஞ்சது. அஞ்சாவது நாள் மறுபடி எரிஞ்சது. அதே கோடு. இன்னொரு இடத்தில் "எல்லாம் இந்த இ20 பெட்ரோலால வர்றது, ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையை விரித்தார்கள்.

அப்போதுதான் செமஸ்டர் லீவில் நான் போய் இறங்கினேன். கையில் 600 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கின புளூடூத் டாங்கிள், போனில் ஒரு இலவச ஆப். ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டிக்கு மேலே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினேன். 'பி 0171' வந்தது. கீழே 'க்ளியர்' என்று ஒரு பட்டன். அமுக்கினேன். லைட் அணைஞ்சது. மாமா முகத்தைப் பார்க்கணுமே! "எம் மருமகன் இன்ஜினியரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அத்தையிடம் சொன்னார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று எனக்கே அப்போது தெரியாது.

நான் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஹாஸ்டலில் இந்த டாங்கிள் வச்சிருக்கிற எல்லாரும் இதைத்தான் செய்றாங்க.

வண்டியின் கம்ப்யூட்டர், அதான் ஈசியு, ஒரு தப்பைப் பார்த்த உடனே லைட்டைப் போட்டுவிடாது. பெரும்பாலான கோடுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தப்பைப் பார்க்கணும். அப்புறம்தான் லைட். அந்த நேரத்தில் இன்ஜின் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ மாதிரி எடுத்து வச்சுக்கும். ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைச்சுக்கிட்டிருந்தது, எல்லாம் அதில் இருக்கும். இதுக்கு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பேர். தப்பு தானாகச் சரியாகி, அடுத்தடுத்து மூணு ஓட்டம் ஒழுங்காக இருந்தால் லைட்டும் தானாக அணையும். கோடு மட்டும் நினைவில் இருந்து, ஏறக்குறைய 40 தடவை இன்ஜின் சூடாகி ஆறின பிறகு அழியும். எவ்வளவு நிதானமான ஏற்பாடு பாருங்க.

'க்ளியர்' அமுக்கினால் லைட் மட்டும் போவதில்லை. அந்த போட்டோவும் போகுது. ஈசியு மாசக்கணக்கில் கத்துக்கிட்ட பெட்ரோல் திருத்தக் கணக்கும் போகுது. வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சதா இல்லையா என்கிற பதிவும் போகுது. திருட்டு நடந்த வீட்டில் போலீஸ் வருவதற்கு முன்னாடி தரையைக் கழுவி விட்ட மாதிரி. நான் அப்படி நாலு மாசத்தில் ஒன்பது தடவை கழுவி விட்டேன். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதைதான், "செலவே இல்லாத வழி" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

கடைசியில் அந்த லைட்டின் கதையை முடித்தது நிலக்கோட்டையில் ஒரு வயசான மெக்கானிக். ஸ்கேனர் எல்லாம் அவரிடம் இல்லை. என் டாங்கிளைப் பார்த்துவிட்டு, "இதுல ஐட்லிங்ல எவ்வளவு காட்டுது, ரைஸ் பண்ணா எவ்வளவு காட்டுது, பாத்தியா தம்பி?" என்று கேட்டார். பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது க்ளியர் பட்டன் மட்டும்தானே.

அவர் சொல்லித்தான் 'ஃப்யூயல் ட்ரிம்' பக்கத்தைத் திறந்தேன். ஆக்சிஜன் சென்சார் என்ன சொல்லுதோ அதை வச்சு ஈசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைச்சோ கொடுக்கும். எத்தனை சதவீதம் கூட்டுது என்பதுதான் ட்ரிம். நல்ல வண்டியில் இது பூஜ்யத்தை ஒட்டி, கூடினால் ஐந்து, குறைந்தால் ஐந்து என்று ஆடும். மாமா வண்டியில் ஐட்லிங்கில் பிளஸ் 22. ஆக்ஸிலரேட்டரை அமுக்கி 2,500 ஆர்பிஎம்மில் பிடிச்சா பிளஸ் 6.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து எவ்வளவு சொல்லுதுன்னு பாருங்க. பெட்ரோல் பம்ப் வீக், ஃபில்டர் அடைப்பு என்றால் லோடு ஏற ஏற நிலைமை மோசமாகணும், ட்ரிம் கூடணும். இங்கே தலைகீழ். ஐட்லிங்கில்தான் மோசம். அப்போ எங்கேயோ வெளிக்காத்து புகுந்து கணக்கைக் கெடுக்குது. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காத்து அதிகமாகி, புகுந்த காத்தின் பங்கு சின்னதாகிவிடுகிறது.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினார். கரி பிடிச்சுக் கருப்பு. கோடு சொல்வது பெட்ரோல் கம்மி, பிளக் சொல்வது பெட்ரோல் ஜாஸ்தி. "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது தம்பி" என்றார். மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது வரச் சொன்னார். ஸ்டார்ட் பண்ணி, ஈரத்துணியால் சைலன்சர் வாயை இரண்டு நொடி அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் காதை வச்சார். 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஒரு ஓரத்தில் போயிருந்தது. சூடானால் இரும்பு விரிஞ்சு சத்தம் நின்னுடும், அதனாலதான் இவ்வளவு நாள் யார் காதிலும் விழவில்லை.

நம்ம படிப்புக்கு வேலை வருவது இங்கேதான். எக்ஸாஸ்ட் குழாயில் புகை சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த நொடியில் ஓட்டை வழியாக வெளிக்காத்து உள்ளே உறிஞ்சப்படும். ஆக்சிஜன் சென்சார் அந்தக் காத்தைப் பார்த்து, "ஆக்சிஜன் நிறைய இருக்கு, கலவை லீன்" என்று சொல்லும். சென்சார் பொய் சொல்லவில்லை. அது இருக்கிற இடத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே இருந்தது. ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டியது. சிலிண்டருக்குள் நிஜமாகவே பெட்ரோல் ஜாஸ்தியாகி, பிளக் கருத்து, லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 15க்கு இறங்கியது.

கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து 900 ரூபாய். நல்லா இருந்த சென்சாரைக் கழட்டிப் போட்டு வாங்கின புது சென்சாரின் 4,200 போனது போனதுதான்.

இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டாதீங்க. அவர் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒண்ணுதான். கோடு என்பது ஒரு புகார் மனு. 'இந்த சர்க்யூட்டில், இந்த அளவில், நான் எதிர்பார்த்தது வரலை' என்று அது சொல்லுது. எந்தப் பார்ட்டை மாத்தணும்னு அது சொல்லவே இல்லை. மனுவில் பேர் வந்தவனை எல்லாம் உள்ளே தூக்கிப் போட்டால் எப்படி? ஸ்கேனர் வாங்கினவங்க எல்லாரும் ஸ்கேனரே பதில் சொல்லிடும்னு நம்புறோம். என்னை மாதிரி 'ஸ்டாய்கியோமெட்ரிக் ரேஷியோ 14.7' என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினவனும் அதைத்தான் நம்பினேன்.

அந்த 14.7ஐ வச்சே இ20 கதையையும் பார்த்துவிடலாம், ஏன்னா இப்போ எந்தப் பழைய வண்டியில் லைட் எரிந்தாலும் முதல் பழி அதன் மேல்தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கு, அதனால எரிய வெளிக்காத்து கம்மியாகப் போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்குக் காற்று சுமார் 14.7 கிலோ. பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 14.1. இருபது கலந்தால் சுமார் 13.5. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் ஆரம்பித்த இ20, 2025ல் நாடு முழுக்க வந்துவிட்டது. அதாவது இ10க்கு டியூன் பண்ணின பழைய வண்டி அதே காத்துக்கு ஏறக்குறைய நாலு சதவீதம் கூடுதலாக எரிபொருள் கொடுக்கணும். ட்ரிம்மில் பிளஸ் 4. ஆரோக்கியமான வண்டி இதைத் தாங்கும், லைட் போடாது. லீன் கோடு வருவதற்குத் திருத்தம் பொதுவாக இருபதைத் தாண்டிப் போகணும். ஏற்கனவே பிளஸ் 18ல் மூச்சு வாங்கிக்கிட்டிருந்த வண்டியை இ20 கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம், அது உண்மை. மைலேஜ் குறைவதும் உண்மை, பழைய ரப்பர் ஹோஸ்களைப் பற்றின கவலையும் நியாயம்தான். ஆனால் "எல்லாம் இ20" என்பது தேடாமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. மாமா வண்டியில் 22ல் 4ஐக் கழிச்சால் மீதி 18 யாருடைய கணக்கு?

இதே மாதிரி இன்னொரு இறக்குமதி அறிவுரை: "பெட்ரோல் மூடியை டைட் பண்ணு, லைட் போயிடும்." யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் சொல்வது அவங்க ஊருக்குச் சரி. அங்கே டேங்க் ஆவி கசியுதான்னு வண்டியே சோதிக்கணும்னு சட்டம். நம்ம பழைய வண்டிகளில் பெரும்பாலும் அந்தக் கசிவுச் சோதனையே கிடையாது. நானும் மூடியை மூணு தடவை டைட் பண்ணினவன்தான்.

நம்ம ஊர் வண்டிகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1996லிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் இந்த ஓபிடி 2 வந்தாச்சு. இங்கே பிஎஸ் 4 விதி 2010ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான் முதலில் வந்தது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அந்த பிஎஸ் 4 வண்டிகளுக்கு ஓபிடி 2 கட்டாயமானது 2013ல். அதனால 'டிஎன் 57' நம்பரில் இருக்கும் 2012 வண்டியும், சென்னை நம்பரில் இருக்கும் அதே கம்பெனி 2013 வண்டியும் வெளியில் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேற வேற. சாக்கெட் இருக்கும், உங்க டாங்கிள் கனெக்ட் ஆகாது. ஆகலைன்னா டாங்கிளையும் திட்டாதீங்க, வண்டியையும் திட்டாதீங்க. இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் டாங்கிளைக் கழட்டிடுங்க. வண்டி ஆஃப்ல இருந்தாலும் அந்த சாக்கெட்டில் பேட்டரி கரண்ட் இருக்கும். ரெண்டு வாரம் சும்மா நிக்கிற வண்டியில் விட்டால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டாம். அந்த மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டிப் போய்க் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டுங்க. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், பெட்ரோல் அப்படியே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியுது. உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசின சாமான், விலை கேஸ்கெட் விலை இல்லை. அப்புறம் சிவப்பில் எண்ணெய்க் கிண்டி படமோ, சூடு படமோ எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தணும். அது வேற ஜாதி லைட்.

கன்வெர்ட்டர் போனால் வரும் 'பி 0420'க்கு ஒரு குறுக்கு வழி ஊர் முழுக்க ஓடுது. கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரை ஒரு இரும்பு ஸ்பேசர் வச்சுக் கொஞ்சம் வெளியே தள்ளிவிடுவாங்க. புகை சரியாகப் படாது, சென்சார் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று காட்டும், லைட் அணையும், உள்ளே கன்வெர்ட்டர் செத்தே கிடக்கும். இருநூறு முந்நூறு ரூபாய் வேலை. செய்றவங்க ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தான் செய்றாங்க, கேட்கிறவங்களும் சந்தோஷமா பணம் கொடுக்கிறாங்க.

இதையே ஃபோக்ஸ்வேகன் சாஃப்ட்வேரில் செய்தது. லேபில் டெஸ்ட் நடக்குதுன்னு தெரிந்தால் ஒழுங்காக நடக்கும், ரோட்டில் இறங்கினால் அமெரிக்க அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விடும் டீசல் இன்ஜின். 2015 செப்டம்பரில் வெளியே வந்தது. உலகம் முழுக்க ஏறக்குறைய 1.1 கோடி வண்டிகள், இந்தியாவில் மட்டும் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இத்தனை புகை போய்க்கிட்டிருந்தப்பவும் மீட்டர் அமைதியாகத்தான் இருந்தது. அதைப் பிடிக்க வழி காட்டியது அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம் என்று ஒருவர், ஹேமந்த் கப்பண்ணா என்று ஒருவர். அளவு கருவியைக் காரின் பின்னாடி ஏத்திக்கிட்டு, 2013ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். மீட்டர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், ரோட்டில் வரும் புகையை அளந்தார்கள். எங்க ஊர் மெக்கானிக் பானெட்டுக்குள் காதை வச்சதும் அதே வேலைதான், கருவிதான் வேற.

அதனால என் கட்சி இதுதான். டாங்கிள் வாங்குங்க, ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினாலே போதும். கோடு வந்தால் எழுதி வைங்க. ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ட்ரிம்மை ஐட்லிங்கில் ஒரு தடவை, 2,500ல் ஒரு தடவை பாருங்க. அதைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டுங்க, மதிக்கிறவர் மதிப்பார். பார்ட் வாங்குவதற்கு முன்னாடி வயர், கனெக்டர், ஹோஸ், கேஸ்கெட் பாருங்க. 'க்ளியர்' பட்டன் ரிப்பேர் முடிஞ்ச பிறகுதான், அது உண்மையிலேயே முடிஞ்சதான்னு சோதிக்க. பழைய வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா, லைட்டில் கருப்பு டேப் ஒட்டிட்டுப் போலாமே என்று நம்ம வகுப்பிலேயே ஒருத்தன் கேட்டான். ஒட்டலாம். ஆனால் நாளைக்கு நிஜமாகவே மின்னும்போது அந்த டேப்புக்கு அடியில்தான் மின்னும்.

டாங்கிளை மாமாவிடமே விட்டுட்டு வந்தேன், ஆப் மாமா மகள் போனில். போன சித்திரையில் விடியக்காலை நாலே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்து விழுந்தது. கூடவே மாமா குரல்: "மாப்ள, மறுபடி எரியுது. பட்டனைத் தொடலை."

'பி 0113'. உள்ளே போகும் காத்தின் சூட்டை அளக்கும் சென்சார் சர்க்யூட். லைவ் டேட்டாவைப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் 40 டிகிரி. நிலக்கோட்டையில், அக்னி நட்சத்திரத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி. சர்க்யூட் எங்கேயாவது அறுந்தால் அந்த மீட்டர் காட்டும் கடைசி எண் அது.

"சென்சார் வாங்காதீங்க மாமா, முதல்ல அந்த வயரைக் கையால தடவிக்கிட்டே போங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. எலி வராமல் இருக்க இன்ஜினுக்குப் பக்கத்தில் திண்டுக்கல் புகையிலைத் துண்டு கட்டி வச்சிருந்தார். வயரைக் கடிச்ச இடம் அதுக்கு நாலு விரல் தள்ளி.

"புகையிலையையும் சேத்துத் தின்னுருக்கு மாப்ள."